மூன்று செம்பு மண்

"தாயே, வீடு கட்டட்டுமா? இல்ல, கட்டின வீட்டை வாங்கட்டுமா?"

பாத்திரக்கடை வைரவன் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். கழற்றிய செருப்பைக் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார். அந்த மலையடிவாரத்தில் செருப்பைத் திருட ஒரு குரங்குகூடக் கிடையாது.

பெரிய பாறையின் நிழலில் இருந்தாள் பாறையம்மை. வயதில் வைரவனுக்குத் தங்கையாக இருக்கலாம். ஆனாலும் ஊரைப் போல அவரும் அவளைத் தாயே என்றுதான் கூப்பிடுவார். பல வருஷமாக வந்துபோகிற சீடர்தான். இருந்தாலும் அவள் கொடுக்கிற திருநீற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

"வீடு யாருக்கு?"

"எம்மவ கோமதிக்குத் தாயே. மாசமா இருக்கா. வளைகாப்புப் போட்டு தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும். எங்க கூட்டிட்டு வர? கடைக்குப் பின்னால ஒத்த அறை. அண்டாவும் குண்டாவும் போக மிச்ச இடத்துல நானும் எம் பொஞ்சாதியும் ஒருக்களிச்சுப் படுக்கோம்."

"உலகம்மை என்ன சொல்லுதா?"

"அதை ஏன் கேக்கிய. 'பெத்த பிள்ளைக்குப் பேறுகாலம் பாக்க ஒரு கூரை இல்ல, அவ மாமியா வீட்டுலயே பெத்துக்கிடட்டும், நாம தலையில முக்காடு போட்டுக்கிடுவோம்'னு அழுதா."

உலகத்தில் வைரவன் சந்தேகப்படாத ஒரே ஆள் கோமதி.

"சரி, கட்டேன்" என்றாள் பாறையம்மை.

வைரவன் நிமிர்ந்து பார்த்தார்.

இவ்வளவு சுருக்காகச் சொல்கிறாளே, ஏன்? கொத்தனார் சங்கிலி வெள்ளிதோறும் இவள் காலடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவருக்குத் தெரியும். வெறும் எலுமிச்சம்பழத்தோடு போகிற உறவா அது?

"எங்க தாயே கட்ட? ஊர்ல ஒரு மனை உருப்படியா இல்லியே. குழி தோண்டி, அள்ளின மண்ணை அதே குழியில போட்டா மண்ணு மிஞ்சணும். மிஞ்சினா வாழுத மனை. குறைஞ்சா குடியைக் கெடுக்கும். நான் பாத்த மனை எல்லாத்துலயும் குறையுது."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். தரகன் களவாணிப்பய, விளங்காத மனையா பாத்துக் காட்டுதான்."

"அப்ப வாங்கேன்."

வைரவனுக்கு மறுபடியும் சுருக்கென்றது. போன பௌர்ணமிக்கு இங்கே சுண்டல் வாங்கிக் கொடுத்தது அந்தத் தரகன்தானே!

"கட்டின வீடும் பாத்தாச்சு தாயே. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பாத்தேன். ஒரு வீட்டுச் சுவராவது கணீர்னு கேக்கணுமே? எல்லாம் பொத்துப் பொத்துன்னு கேக்கு. உள்ளுக்குள்ள விரிசல்."

குடத்தைத் தட்டி விரிசல் கண்டுபிடித்தே தலை நரைத்த மனுஷர். சுவர் என்றைக்கு ஐயா கணீரென்று கேட்டது? பாறையம்மை அதையெல்லாம் கேட்கவில்லை.

"ஒரு வீடுகூடவா மனசுக்குப் பிடிக்கல?"

"கீழத்தெருவுல ஒண்ணு இருக்கு. கிணறு, தொழுவம், நல்ல காத்து. உலகம்மைக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா ரெண்டாந்தடவை போகையில பக்கத்துவீட்டுப் பொம்பள உண்மையைச் சொல்லிட்டா."

"என்ன உண்மை?"

வைரவன் பாறைக்குப் பின்னால் யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்தார்.

"பேய் இருக்காம்."

பாறையம்மை எழுந்து போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

"நீ மனை பாக்குதது எப்படின்னு இந்த இடத்துல பாத்துக் காட்டு."

எதற்குச் சொல்கிறாள் என்று யோசித்தார். ஒருவேளை அவள் தோட்டத்துக்குக் கன்று நடக் குழி வேண்டுமோ? ஓசியில் வேலை வாங்கப் பார்க்கிறாளோ? என்றாலும் குருவாயிற்றே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார்.

ஒரு முழ ஆழம் வந்ததும் நிறுத்தினார். தோளில் மாட்டியிருந்த சாக்குப்பையிலிருந்து பெரிய பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்தார். மேல்மண்ணில் ஒரு செம்பு, நடுமண்ணில் ஒரு செம்பு, அடிமண்ணில் ஒரு செம்பு மொண்டு, தனித்தனித் துணியில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மீதி மண்ணை ஒரு பிடி சிந்தாமல் குழிக்குள் தள்ளினார்.

குழி நிரம்பவில்லை.

"பாத்தீங்களா தாயே! இங்கயும் குறையுது!"

பாறையம்மை குனிந்து பார்த்தாள். "ஆமா."

வைரவனுக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. "நீங்க இத்தனை வருஷமா இதுலயா இருக்கீங்க? கூடிய சீக்கிரம் வேற பாறை பாத்துக்கிடுங்க."

"பாப்போம். பையில என்னத்தை முடிஞ்சு வச்சிருக்க?"

"சாட்சி மண்ணு. நம்ம ஊர்ல மனையடி சாஸ்திரம் பாக்குத மனையடிக்காரன் ஒரு வார்த்தை சொல்லுவான், அதை நம்பி இறங்க முடியுமா? அடுத்த ஊரு மனையடிக்காரன்கிட்டயும் ஒருநாள் காட்டலாம்னு எடுத்து வைக்கது."

"எல்லா மனையிலயும் எடுத்தியா?"

"விடுவேனா? மூட்டை மூட்டையா வீட்டுல இருக்கு."

பாறையம்மை கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிப் பையைக் கொடுத்தார். மூன்று முடிச்சையும் அவிழ்த்துக் குழியில் கொட்டினாள். குழி நிரம்பி, மேலே கொஞ்சம் மண் குவிந்தும் நின்றது.

வைரவன் மண்ணைப் பார்த்தார். பிறகு பாறையம்மையின் உள்ளங்கையைப் பார்த்தார். கையில் ஏற்கெனவே மண் வைத்திருந்து சேர்த்துப் போட்டிருப்பாளோ?

"மண்ணைப் போட்டா எந்தக் குழியும் நிரம்பத்தானே தாயே செய்யும்" என்றார்.

பாறையம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அதை விடு. கீழத்தெருப் பேய்க்கு ஊரு எதுன்னு விசாரிச்சுட்டு வா."

"பேய்க்கு ஊரா?"

"பக்கத்துவீட்டுக்காரிக்கு யாரு சொன்னா? சொன்னவளுக்கு யாரு சொன்னா? போய்க் கேளு."

இதில் அவள் சொல்லாமலே அவருக்கு உடன்பாடுதான். வதந்தியை விசாரிக்காமல் விடுகிற ஆளா அவர்? செருப்பை எடுத்து, தன்னுடையதுதானா என்று பார்த்து மாட்டிக்கொண்டு கீழத்தெருவுக்கு நடந்தார்.

பக்கத்துவீட்டுப் பெண் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி. தெருமுக்குல பூக்கட்டுதாளே, அவதான் சொன்னா. பாவம், அன்னைக்குல இருந்து அந்த வீட்டை ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கல. வீட்டுக்காரரு பூட்டிப் போட்டுட்டு மூலையில உக்காந்துட்டாரு."

முக்குக்குப் போனார். பூக்காரி அவரைப் பார்த்ததும் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, என்கிட்ட வந்து கேக்கிய? மொதல்ல வந்தன்னைக்கு, 'இந்த வீட்டுல யாரும் நாண்டுக்கிட்டுச் செத்தாங்களா, ராத்திரி ஏதும் சத்தம் கேக்குமா'ன்னு நீங்கதானே துருவித் துருவிக் கேட்டீங்க? சுவரை வேற தட்டித் தட்டிக் காதை வச்சுப் பாத்தீங்க."

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்…"

"கடை வச்சிருக்க பெரிய மனுஷன், ஒண்ணும் இல்லாமலா கேப்பாருன்னு நானும் நாலு பேர்ட்ட சொன்னேன்."

வைரவன் மெல்லத் திரும்பினார். அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்தார். முதன்முறையாக அவருக்கு அந்த வீட்டைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கோமதி எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். அறையில் காலை நீட்ட இடமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த மண்மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல என்னப்பா இருக்கு? இப்படிக் குத்துது?"

வைரவன் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேல்மண், நடுமண், அடிமண். நிரம்ப வேண்டிய குழிகள் எல்லாம் இங்கே அல்லவா வந்து அடைந்து கிடக்கின்றன! வெட்கம் பிடுங்கித் தின்றது. மகள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிக் கீழத்தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வீட்டுக்காரர் சொன்ன விலைக்கு மறுவிலை கேட்கவில்லை.

வளைகாப்புக்கு முன்னால் ஒரு நல்ல நாளில் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். உலகம்மை அந்த மூட்டைகளை எல்லாம் அவிழ்த்துக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, அகலமாக ஓர் அடுப்புப் போட்டு, காயவைத்து, கோலமும் இட்டிருந்தாள். ஊரிலுள்ள மனைகள் அத்தனையின் மண்ணும் அந்த அடுப்பில் இருந்தது. பால் நுரைத்து நாலு பக்கமும் பொங்கியது.

பாறையம்மையும் வந்திருந்தாள். வைரவன் கொடுத்த பாலை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தாள்.

வைரவனுக்கு ஒரு நிமிஷம் கை குறுகுறுத்தது. விரலை மடக்கிச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனார். உலகம்மை திரும்பிப் பார்த்தாள். அவர் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார்.

அப்போது பக்கத்துவீட்டுப் பெண் உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்று மெல்லக் கேட்டாள்.

"அண்ணாச்சி, தைரியமாக் குடி வந்துட்டீங்களே. இந்த வீட்டுல பேய் இருக்குன்னாங்களே, நெசமா?"

"நெசந்தான் தாயி" என்றார் வைரவன். "இன்னைக்குக் காலையிலதான் பொஞ்சாதியைக் கூட்டிக்கிட்டு வந்து இறங்கிச்சு."