பின்சீட்டில் டீச்சர்

“என் மக என் வண்டியில ஏற மாட்டேங்கறாளுங்க டீச்சர்.”

கோபிசெட்டிபாளையத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பர்வீனிடம் வந்து இப்படிப் புலம்பியவர் ரைஸ்மில் தண்டபாணி. அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பர்வீனுக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் ஊரில் பலருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், பெரியவர்களுக்கும் அவள் டீச்சர்தான்.

மகள் கோதைக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து அப்பாதான் போய் அழைத்து வர வேண்டும். அதற்கென்றே மனுஷன் புதுக் கார் வாங்கியிருந்தார். மகளோ, பஸ்ஸில் வந்தாலும் வருவேன், அப்பா ஓட்டினால் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

“உங்ககிட்டத்தானே அவ ஓட்டக் கத்துக்கிட்டா. நீங்க போன்ல ஒரு வார்த்தை சொன்னா கேப்பாளுங்க.”

“ஓட்டிக் காட்டுங்க அய்யா. சொல்றேன்.”

தண்டபாணிக்கு வேறென்ன வேண்டும். பர்வீனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார். கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்தது. ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் கார் அதுவே திருப்பிக்கொள்ளும், எதிரே ஆள் வந்தால் அதுவே நிற்கும், மோதினாலும் ஆறு பக்கம் பலூன் விரியும். இத்தனையும் டீச்சரின் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

மொபெட் ஒன்று குறுக்கே வந்தது. கார் தானாகவே குலுங்கி நின்றது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். யாருங்க குறுக்கே வந்தது?”

“கவனிக்கலைங்க. எவனோ ஒருத்தன்.”

“பொம்பளைங்க. மொபெட்ல முன்னாடி ஒரு குழந்தை நின்னுட்டு இருந்துச்சு.”

தண்டபாணி வண்டியை மறுபடி கிளப்பினார்.

“வளைகாப்புக்குப் போனப்ப கோதை இதுல ஏறினா. அப்பவும் இப்படித்தானுங்க நின்னுச்சு. எப்படி வண்டி பாத்தியா கண்ணுன்னேன். அவ வயித்தைப் பிடிச்சுட்டு எறங்கிட்டா.”

சொன்னதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

“உங்க ஸ்கூல் வண்டியிலயுந்தான் உங்க பக்கம் ஒரு பிரேக் வெச்சிருக்கீங்க. நாங்க கோட்டை விட்டா நீங்க பிடிக்கறீங்க. அது தப்பில்லைன்னா இது மட்டும் எப்படிங்க தப்பாகும்?”

“தப்பில்லைங்க.”

“அப்பறம்?”

“ஓட்டக் கத்துக்கற கடைசி நாள் நான் எங்க உக்காருவேன்னு கோதை சொல்லலீங்களா?”

“இல்லைங்களே.”

“வண்டியை ஓரங்கட்டுங்க.”

பர்வீன் இறங்கினாள். பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

“இங்கதான். இங்கிருந்து என் கால் எதுக்கும் எட்டாது. அந்தத் திரையில இருக்கற உதவியை எல்லாம் அணைச்சுட்டு ஓட்டுங்க. சந்தை வழியாப் போகலாம்.”

“ஏதாவது ஆயிருச்சுன்னா?”

“எனக்குந்தான் ஆகும். போங்க.”

ஒவ்வொன்றாக அணைத்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஏசி ஓடியும் சட்டை நனைந்தது. முதலில் பயந்து பயந்துதான் ஓட்டினார். போகப் போகப் பயம் விட்டது, ஆனால் பார்வை ரோட்டை விட்டு நகரவில்லை. ஸ்கூல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்போது, உள்ளதைச் சொன்னால், நன்றாகவே ஓட்டினார்.

“இனிமேல் அதையெல்லாம் அணைச்சே வெச்சுக்கறேனுங்க டீச்சர்.”

“எதுக்கு? நல்ல பொருள். நானும் என் பக்கத்து பிரேக்கைக் கழட்டிப் போடலையே.”

பின்சீட்டிலிருந்து கையை நீட்டித் திரையில் எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிட்டாள்.

தண்டபாணி மகளின் நம்பரைப் போட்டு போனை நீட்டினார். பர்வீன் வாங்கவில்லை.

“நீங்களே பேசுங்க.”

“நான் சொன்னா நம்ப மாட்டாளுங்க.”

“நல்லா ஓட்டினேன்னு சொல்லாதீங்க. வழியில என்னத்தப் பாத்தீங்கன்னு சொல்லுங்க.”

“என்னப்பா?” என்றாள் கோதை. குரலில் சுரத்தே இல்லை.

“சந்தைப் பக்கம் போயிருந்தேன் கண்ணு. சைக்கிள்ல ஒருத்தர் வாழைத்தார் கட்டிட்டுப் போனாரு. பாரம் ஒரு பக்கமா சாஞ்சு இருந்துச்சு. எந்தப் பக்கம் விழுவாரோன்னு பின்னாலயே மெதுவா போனேன்.”

கோதை ‘ம்’ கொட்டினாள்.

“பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒரு புள்ள பாதி ரோட்டுக்கு வந்துட்டு, செருப்பு கழண்டிருச்சுன்னு திரும்பி ஓடுச்சு. அது மாட்டிட்டு வர்ற வரைக்கும் நின்னேன். பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான். அடிச்சுக்கட்டும்னு நின்னேன்.”



கோதை கேட்டாள்:

“எப்பப்பா வர்றீங்க?”