அப்பளம் வைக்காத பந்தி

பக்கத்து ஜமீன்தார்மேல் படையெடுக்கக் கிளம்பிய கெச்சிலப்ப ஜமீன்தார், சபையில் வைத்துச் சேவகன் ஒண்டிமுத்துவிடம் ஒரு சாக்கைக் கொடுத்தார்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் ஊர் அமைதியா இருக்கணும். முன்கோபக்காரன் எவன் கையிலயும் துப்பாக்கி இருக்கக்கூடாது, பிடுங்கிட்டு வா. ஒண்ணு விட்டுப்போனாலும் உன்னைத்தான் படைக்கு முன்னால நிறுத்துவேன்."

"சரிங்க எசமான். போர் எதுக்குங்க?"

"நம்ம மானத்துக்குடா."

"மானத்துக்கு என்னங்க ஆச்சு?"

ஜமீன்தாருக்கு மீசை துடித்தது. "அவன் வீட்டுக் கல்யாணப் பந்தியில எனக்கு மட்டும் அப்பளம் வைக்கலைடா" என்று அலறியபடி துப்பாக்கியைத் தூக்கிக் கூரையைச் சுட்டார். ஓடு நொறுங்கிச் சபையோர் தலையில் விழுந்தது.

ஒண்டிமுத்து சாக்கின் வாயை அவர் முன்னால் விரித்துப் பிடித்தான். "உங்க உத்தரவுதாங்க. போடுங்க எசமான்."

சபையே சிரித்தது. கடைசியில் ஜமீன்தாரும் சிரித்துவிட்டு, துப்பாக்கியைச் சாக்கில் போட்டார்.

"அப்படியே அவன் வீட்டுக்குப் போய், எனக்குச் சேரவேண்டிய அப்பளத்தை வாங்கிட்டு வா."