வியன்னாவைச் சுற்றிவிட்டுப் புடாபெஸ்ட் போன மாமன்மார்

சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கடையில் அண்டா முதல் ஆழாக்கு வரை எல்லாம் கிடைக்கும், மூளை மட்டும் ஸ்டாக் இல்லை. மூத்தவர் சங்கரபாண்டி, நடுவுள்ளவர் கோமதிநாயகம், கடைசி பிச்சுமணி. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வரச் சொன்ன வீட்டுக்கெல்லாம் ஒழுங்காகப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இறந்துபோன அக்காவின் மகள் பூரணியை மூவரும்தான் வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை எப்படியோ தப்பித்துப் படித்து, புடாபெஸ்டில் வேலைக்குப் போய், அந்த ஊர்ப் பையன் ஆந்த்ராஷைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. மாமன்மார் மூவரும் வந்து நிற்காமல் தாலி ஏறாது.

போனில் அவளே எல்லாம் விளக்கினாள். "மாமா, வியன்னாவுக்கு விமான டிக்கெட் மலிவு. அங்க வந்து இறங்கினதும் ஒரு போன் போடுங்க. அன்னைக்கு முழுக்க வியன்னாவைச் சுத்திட்டு, மறுநாள் காலையில ரயில்ல புடாபெஸ்ட் வந்திருங்க. சாயங்காலம் முகூர்த்தம். ரயிலை மட்டும் விட்டுராதீங்க. நடுவுல ஒரு ஊர்ல ரயில் மாறணும், அவ்வளவுதான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!"

போனை வைத்ததும் கூட்டம் கூடியது.

"கல்லு நாம கொண்டுபோகணுமா, அங்கேயே கிடைக்குமா?" என்றார் கோமதிநாயகம்.

"வெளிநாட்டுக் கல்லை நம்ப முடியுமால? நம்ம கல்லா இருந்தா கைக்குப் பழக்கமா இருக்கும்" என்றார் சங்கரபாண்டி.

வீட்டு அம்மிக் குழவி பெட்டியில் ஏறாமல் கைப்பையில் ஏறியது. சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்த அதிகாரி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது?"

"கல்லு சார்."

"எதுக்கு?"

"மாங்கா அடிக்க."

"எத்தனை பேரை?"

"பேரை இல்ல சார், மாங்காயை. ரெண்டே ரெண்டுதான்."

அதிகாரி குழவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் அனுப்பினார். அவர் வீட்டில் அன்று சட்னி அரைத்தார்களா என்பது நமக்குத் தெரியாது.

வியன்னாவில் இறங்கினார்கள். குளிர் காதைப் பிடித்துத் திருகியது. சங்கரபாண்டி விமான நிலைய வாசலோரம் தம்பிகளை நிறுத்தினார்.

"முதல்ல ஒரு போன் போடணும். மூணு இருக்கு. எதைப் போடலாம்?"

"என்னோடது பழசு. அதைப் போட்டுருவோம்" என்றார் பிச்சுமணி.

"நல்ல காரியத்துக்கு வந்துட்டுப் பழசைப் போடுவாங்களா? பிள்ளை கௌரவம் என்னாகும்? என் புதுசையே போடுதேன்."

"எங்கன போடணும்னு அவ சொல்லலையே அண்ணே?"

கோமதிநாயகம் சுற்றுமுற்றும் பார்த்து ஒரு குப்பைத்தொட்டியைக் காட்டினார். "போடுததுக்குன்னே வெச்சிருக்கான் பாருங்க."

பூரணி காசு கட்டி வெளிநாட்டு சிம் போட்டுக் கொடுத்திருந்த ஒரே போன் அது. பக்தியோடு தொட்டியில் விழுந்தது. மற்ற இரண்டும் இந்தியாவைத் தாண்டியதுமே செத்துவிட்டிருந்தன.

அடுத்தது வியன்னாவைச் சுற்றுவது. ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் இருந்த பெண், பழைய நகரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு ரோடு ஓடுகிறது என்று வரைபடத்தில் காட்டினாள். அண்ணன் தம்பிகளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றுவதற்கென்றே பிராகாரம் கட்டி வைத்த ஊர்! செருப்பை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, ஊர் வலது கைப் பக்கம் இருக்கும்படி நடக்க ஆரம்பித்தார்கள்.

அரண்மனை வந்தது. நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சங்கீத மண்டபம் வந்தது. அதற்கும் போட்டுக்கொண்டார்கள். தெருக்களுக்கு நடுவே பெரிய தேவாலயக் கோபுரம் தெரிந்தது. காப்பிக் கடையிலிருந்து வாசனையும் வந்தது.

"உள்ள போய்ப் பாத்தா என்ன அண்ணே?" பிச்சுமணிக்குக் கால் விறைத்திருந்தது.

"சுத்தச் சொன்னாளா, உள்ள போகச் சொன்னாளா? நம்ம கோயில்ல நீ கருவறைக்குள்ளயா பிரதட்சணம் பண்ணுவே?"

இரண்டாவது சுற்றில் கேமரா மாட்டிய சுற்றுலாக் கூட்டம் ஒன்று இவர்களைத் தங்கள் வழிகாட்டி என்று நினைத்துப் பின்னாலேயே வந்தது. மூன்றாவது சுற்றில் அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். இப்படியாக வியன்னாவுக்குள் காலே வைக்காமல் வியன்னாவைப் பார்த்து முடித்தார்கள்.

மறுநாள் காலை ரயில் ஏறியதும் சங்கரபாண்டி கதவோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆளுக்கொரு கம்பியைப் பிடிங்கலே. ரயிலை விடக்கூடாது."

ரயில் வயல்களைக் கடந்து ஒரு ஊரில் போய் நின்றது. மற்ற எல்லோரும் இறங்கினார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து இங்கே மாற வேண்டும் என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"தெரியும் சார். மாறட்டும். நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் கோமதிநாயகம்.

மூவரும் ரயிலை உற்றுப் பார்த்தார்கள்.

"மாறிச்சால?"

"சிவப்பாத்தான் இருக்கு."

"சீட்டு?"

"அதே சீட்டுதான். கீழ நான் ஒட்டின சூயிங்கம் இருக்கு."

அப்போது ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி வந்த வழியே திரும்பி ஓட ஆரம்பித்தது.

"மாறிட்டு! மாறிட்டு!" என்று பிச்சுமணி குதித்தார். "முன்னால போனது இப்பம் பின்னால போகுது பாருங்க!"

அண்ணன் தம்பிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு கையால்தான். இன்னொரு கை கம்பியில் இருந்தது.

வியன்னா வந்தது. அவர்கள் இறங்கவில்லை. ரயில் மறுபடி கிளம்பியது, மறுபடி அந்த ஊரில் மாறியது, மறுபடி வியன்னா வந்தது.

"புடாபெஸ்டும் பாக்குததுக்கு வியன்னா மாதிரியேதான் இருக்கு" என்றார் கோமதிநாயகம்.

புடாபெஸ்ட் மண்டபத்தில் பட்டுச்சேலையும் மாலையுமாகப் பூரணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் போட்டால் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஆந்த்ராஷ் மெதுவாக, "நேரம் ஆகுது. ஆரம்பிக்கலாமா?" என்றான்.

"என்னைத் தூக்கி வளர்த்த மூணு பேர், ஆந்த்ராஷ். அவங்க இல்லாம ஆகாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறந்ததிலிருந்து அவர்களைத் தெரியும் அல்லவா? "நான் ரயில் மாறணும்னு சொன்னேன். ஐயோ, மாறணும்னு சொல்லிட்டேனே!"

மாப்பிள்ளையையும், வார நாளில் கம்ப்யூட்டர் வேலையும் விடுமுறையில் புரோகிதமும் பார்க்கும் சாம்பமூர்த்தியையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். அந்த நடு ஊரில் இறங்கி நின்றபோது வியன்னாவிலிருந்து சிவப்பு ரயில் வந்தது. ஜன்னலில் கம்பியைப் பிடித்தபடி மூன்று முகங்கள்.

"பூரணி! ரயிலை விடவே இல்ல பாத்தியா!" என்று கத்தினார் சங்கரபாண்டி.

"மாமா, இறங்குங்க!"

"விடச் சொல்லுதியா? எங்களைச் சோதிக்காத தாயி."

கெஞ்சினாள், அதட்டினாள், அழுதாள். கம்பியிலிருந்து கை வரவில்லை. முகூர்த்தமும் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கல்யாணக்கூட்டமே உள்ளே ஏறியது. ரயில் வியன்னாவை நோக்கிக் கிளம்பியது.

ரயிலில் தீ மூட்டக் கூடாது என்பதால் சாம்பமூர்த்தி மடிக்கணினியில் தீ எரியும் வீடியோவைப் போட்டு அக்கினி சாட்சியாக்கினார். எதிர்சீட்டுக் கிழவி நாயும் பார்க்கட்டும் என்று அதைத் தூக்கிப் பிடித்தாள். ஆந்த்ராஷ் தாலி கட்டினான். ரயில் டிரைவர் தற்செயலாக ஹாரன் அடித்தார், அது கெட்டிமேளம் ஆனது. பிள்ளை கழுத்தில் தாலியைப் பார்த்ததும் மூன்று மாமன்மாரும் வாய்விட்டு அழுதார்கள்.

சாம்பமூர்த்தி, "மாமா, பொண்ணு முந்தானையையும் மாப்பிள்ளை வேஷ்டியையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கோ. நன்னா கெட்டியா. எங்கேயும் பிரிஞ்சு போகாதபடி போடணும்" என்றார்.

காலமெல்லாம் அண்டாவும் குண்டாவும் கட்டி லாரியில் ஏற்றிய கைகள். சங்கரபாண்டி மூக்கைச் சிந்திவிட்டு முந்தானையைப் பிடித்தார். கோமதிநாயகம் வேஷ்டியைப் பிடித்தார். பிரியக்கூடாது, அதுவும் எங்கேயும் போகாதபடி என்றதால், பிச்சுமணி இரண்டையும் சீட்டுக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்தார். லாரிக் கட்டு கட்டி, காலால் மிதித்து இறுக்கினார்கள். இதுவும் சடங்கு என்று ஆந்த்ராஷ் ஒவ்வொரு முடிச்சுக்கும் பணிவாகக் கும்பிட்டான். பூரணி கண்ணீரில் ஒன்றையும் கவனிக்கவில்லை.

வியன்னா வந்தது. சாம்பமூர்த்தி காப்பி குடிக்க இறங்கிப் போனார்.

"தாலி ஏறியாச்சு. இனிமே ரயிலை விட்டுரலாம்" என்று சங்கரபாண்டி கம்பியிலிருந்து கையை எடுத்தார். மூவரும் பிள்ளைகளின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்து, நடைமேடையில் இறங்கி வரிசையாக நின்றார்கள். கதவு மூடியது. ரயில் நகர்ந்தது.

ஜன்னலின் மேல்கண்ணாடி வழியாகப் பூரணியின் குரல் வந்தது. "மாமா! முடிச்சு அவிழ மாட்டேங்குது! மாமா! அவிழவே மாட்டேங்குது!"

சங்கரபாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"கேட்டியளால? இப்பதான் கட்டி வெச்சோம். அதுக்குள்ள பிள்ளை எவ்வளவு சந்தோசமா இருக்கா!"