ஆமென் சொல்வதற்கு முன்

செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்து ஊரான இரட்சணியபுரத்தில், ஆலயத்தைப் பெருக்கியும் பாத்திரம் துலக்கியும் பிழைத்தவர் ஞானப்பூ அம்மையார். வருடத்துக்கு ஒருமுறை ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு, அண்டாக்களைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பார். ஒவ்வொன்றையும் கவிழ்க்கும்போது, "ஆண்டவரே, இதுல சாப்பிடுதவங்களக் காப்பாத்தும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம்.

அது போதாது என்பது சபையின் எண்ணம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொல்வார்கள். தலைவலி தீர்ந்தது, எருமை சினையானது, மருமகள் திருந்தியது என்று ஒன்றையும் விடமாட்டார்கள். கேட்டுக் கேட்டு ஆண்டவருக்கே அலுத்திருக்கும். கணவரை இழந்த பதினேழு வருடமாக அம்மையார் மட்டும் எழுந்ததே இல்லை. "உள்ள பரிசுத்த ஆவி இருந்தால்லா வாய் தொறக்கும்" என்று சபை மூப்பர் பரமானந்தம் எல்லார் காதிலும் விழச் சொல்வார். அம்மையார் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார். எனக்குத்தான் ஆத்திரம் வருகிறது, அவருக்கு வரவில்லை.

அந்த வருட அசனத்துக்கு மூப்பர், தம் தகப்பனார் பெயர் வெட்டிய பெரிய பித்தளை அண்டா ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். காலையில் அதைத் துலக்க உட்கார்ந்த அம்மையார், உள்ளே பார்த்துவிட்டு மூப்பரிடம் போனார்.

"ஐயா, உள்ள ஈயம் பூசலியே. புளி பட்டா களிம்பு ஏறிருமே."

"எங்கப்பா பேரு போட்ட அண்டாவுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டியா? பதினேழு வருசமா தொறக்காத வாய இன்னைக்குத்தான் தொறக்கணுமா? போய்த் தேயி."

தேய்த்தார். சோறு கொட்டத்தானே வைப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சொல்லியாயிற்று, இனிப் பேசாமலிருப்பதே தாழ்மை என்றும் நினைத்தார். இந்த ஒரு இடத்தில் அம்மையார் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தம் அண்டாதான் எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று மூப்பர் சாம்பாரை அதில் ஊற்றச் சொன்னார். பிறகு பேச்சுகள் தொடங்கின. வரவேற்புரை, வாழ்த்துரை, அண்டாவின் வரலாறு. மூன்று மணி நேரம் சாம்பார் அதிலேயே கிடந்தது. ஒருவழியாகப் பிள்ளைகளை முதல் பந்தியில் உட்காரவைத்து, சோறும் சாம்பாரும் பரிமாறினார்கள். ஆமென் சொல்லும்வரை யாரும் இலையில் கைவைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். மூப்பர் கண்ணை மூடி ஜெபத்தை உலக சமாதானத்திலிருந்து ஆரம்பித்தார். அவருடைய நீண்ட ஜெபத்தால் ஊருக்கு நன்மை விளைந்தது அந்த ஒருநாள்தான்.

ஈ மொய்க்காமல் அண்டாவை மூடப் போன அம்மையார் உள்ளே பார்த்தார். சாம்பார் மட்டம் இறங்கிய இடத்தில் சுற்றிலும் பச்சை படிந்திருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். களிம்பு கசந்தது, துப்பினார்.

ஜெபத்தின் நடுவே பேசுவது அந்தச் சபையில் கொலைக்குச் சமம். அம்மையார் மூடியைக் கீழே வைத்தார். "ஆண்டவரே, நான் பேசட்டா?" என்று உள்ளுக்குள் கேட்டார். பதில் வரவில்லை. மூப்பரோ கடைசி வரிக்கு வந்துவிட்டார். பிள்ளைகளின் விரல்கள் இலைக்கு மேல் வந்துவிட்டன.

"ஆமென் சொல்லாதீங்க! பிள்ளைகளா, கைவைக்காதீங்க! சாம்பாரு வெசமாயிட்டு!"

மூப்பர் கண்ணைத் திறந்தார். "ஏட்டி, ஜெபத்துக்கு நடுவுல..."

"என்னைய என்ன வேணாலும் சொல்லுங்கய்யா. மொதல்ல இலைய எடுங்க."

சபையின் குருவானவர் எழுந்து வந்து அண்டாவைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். துணி பச்சையாகிவிட்டது. அவரே குனிந்து இலைகளை எடுக்கத் தொடங்கினார். ஊர் அன்று மோர்ச்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்கு நன்றி சொன்னார்களா? ஜெபத்தைக் கெடுத்துவிட்டாள் என்று வாரம் முழுக்கப் பேசினார்கள். இவர்களை என்ன செய்வது! அம்மையாரும் அது பாவமோ என்று அழுதுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர், "இன்னைக்கு ஞானப்பூ அம்மா ஜெபிப்பாங்க" என்றார். அம்மையார் கடைசி வரிசையில் எழுந்து நின்றார். வார்த்தை வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. முதலில் முழங்கால் போட்டவர் மூப்பர் பரமானந்தம். அவர் வாய் மூடியிருந்ததை ஊர் அன்றுதான் கண்டது.

அம்மையாரின் முகம் மெல்லத் தெளிந்தது. அண்டாவின் அருகே நின்று கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் வந்தது. என்ன பதில் என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. "ஆமென்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அந்த ஆலயத்தில் ஏறெடுத்த ஜெபங்களில் அதுவே முழுமையான ஜெபம். அதை ஏறெடுத்த எளிய அடியாரை ஆண்டவர் நன்றாக அறிவார்.