புறாவின் மூடிய வாய்

பறவைகள் பேசினால் மனிதருக்கு விளங்கிய அந்தக் காலத்தில், எருசலேம் ஆலயத்தில் ஒவ்வொரு வேலையும் ஒரு குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. பலி செலுத்துவது ஆசாரியர்களின் வேலை. ஆலய வேலைக்கென்றே பிறந்த லேவி வம்சத்தாரில் சிலர் பாடினார்கள், சிலர் வாசல் காத்தார்கள். பாடுகிறவன் கதவைத் தொடக்கூடாது, வாசல்காரன் பாடக்கூடாது. மீறினால் வெளியே தள்ளிவிடுவார்கள். அவன் பிள்ளைகளுக்கும் ஆலயத்தில் இடம் கிடையாது.

அக்கூப் வடக்கு வாசலைக் காத்தவன். கை தாழ்ப்பாளில் இருக்கும், காது உள்ளே பாடகர் மேடையில் இருக்கும். பாட்டு தொடங்கினால் அவனால் ஓரிடத்தில் நிற்க முடியாது. கால் மாற்றுவான், சாவியை உருட்டுவான், எச்சில் விழுங்குவான்.

அந்தக் கதவின் மேல்கீலுக்கு அருகே ஒரு பொந்தில் புறா ஒன்று கூடு கட்டியிருந்தது. அப்போதெல்லாம் புறாவும் மற்றப் பறவைகளைப்போல வாயை அகலத் திறந்துதான் பாடும்.

"என்ன வாசல்காரரே, இன்றைக்கும் பாட்டை விழுங்கியாயிற்றா?" என்று அது சீண்டும்.

"உனக்கென்ன, எந்தக் குடும்பத்தில் பிறந்தாய் என்று உன்னை யார் கேட்கிறார்கள்? அவர்களும் நானும் ஒரே லேவியின் வம்சம். தொண்டையிலா எழுதி ஒட்டியிருக்கிறது?"

"கத்தாதீர். முட்டை இருக்கிறது."

அவன் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வான். முட்டை உருண்டுவிடக்கூடாது என்று கதவையும் மெள்ள மெள்ளத்தான் தள்ளுவான்.

ஒரு மாலை, பலி முடிந்து பாட்டு எழும்பியது. அக்கூப் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை, வாய் திறந்துகொண்டது. ஒரு வரியை முழுவதும் பாடிவிட்டான். குரல் நன்றாக இருந்தது. அதனால்தான் எல்லோருக்கும் கேட்டது.

வாசல்களின் தலைவர் பெத்தகியா ஓடி வந்தார். "யாரடா பாடியது?"

அக்கூப் பாதி சாத்திய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான்தான்" என்றது புறா.

"புறாவா? ஆலயச் சங்கீதத்தின் வார்த்தைகள் அல்லவா கேட்டன!"

"தினமும் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

பெத்தகியா அக்கூபை உற்றுப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "அப்படியானால் சத்தியம் செய். இந்த வாசலில் பாடிய வாய் இனிப் பாட்டுக்காகத் திறக்காது. உன் பேரிலும் உன் சந்ததி பேரிலும் சொல்."

புறா அக்கூபைப் பார்த்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். புறா சத்தியம் செய்தது.

தலைவர் போன பிறகு அவன் கேட்டான்: "ஏன் அப்படிச் சொன்னாய்?"

"உமக்காக என்று நினைக்காதீர். உம்மைத் துரத்திவிட்டால், அடுத்து வருகிறவன் கதவை எப்படித் திறப்பானோ."

முட்டைகள் பொரிந்தன. புறாவுக்குப் பாட்டு வந்தது. அது வாயை இறுக மூடிக்கொண்டது. வெளியே வர வழியில்லாத பாட்டு, தொண்டையை உப்பவைத்து, நெஞ்சுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முனகியது. கீழே அக்கூப் கால் மாற்றி நின்றான். அன்று தன் வாயை அடைத்தது வீட்டிலிருந்த பிள்ளைகள்மேல் இருந்த பாசமா, வெறும் பயமா? தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். அந்த முனகல் மேலிருந்து வருகிறதா, தனக்குள்ளிருந்தா என்பதுகூடச் சில நாள் அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ஆலயமும் போயிற்று, வாசலும் போயிற்று. ஆனால் அந்த மாலையிலிருந்துதான் புறாக்கள் வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே பாடுகின்றன.