தாசில்தாரின் புகார்

உடுமலையில் ஓய்வுபெற்ற தாசில்தார் மாசிலாமணி வீட்டு இன்டர்நெட் போனில் எதிராளி பேசுவது இவருக்கு நன்றாகக் கேட்கும். இவர் பேசுவதுதான் அங்கே துண்டு துண்டாகப் போய்ச் சேரும். ஊரையே அதட்டிப் பழகிய மனுஷன் பொறுப்பாரா?

சரிபார்க்க வந்த இன்டர்நெட் கம்பெனிப் பெண் பூங்கோதையிடம் சட்டம் போட்டார்: "என் வீட்டுல ஒரு பொருளையும் தொடக்கூடாது. பத்து நிமிசத்துல போன் சரியாகணும். இல்லைன்னா உன் முதலாளிகிட்டச் சொல்லி வேலையை விட்டே தூக்கிருவேன்."

"இந்தப் போன்லயே சொல்லுங்கய்யா. அவருக்குக் கேக்கலைன்னா என் வேலை தப்பிச்சுது. கேட்டுச்சுன்னா போன் சரியாயிருச்சு, அப்பவும் தப்பிச்சுது."

தாசில்தார் கடுப்போடு அவள் முதலாளியின் எண்ணை அழுத்திக் கத்தத் தொடங்கினார். பூங்கோதை அவர் மனைவி தெய்வானையிடம் டிவிக்குக் கீழே ஐந்து ஒயர் செருகியிருந்த கண்காணிப்புக் கேமராப் பெட்டியைக் காட்டி, "அதை மட்டும் அணைங்கம்மா" என்றாள். அந்தம்மா அணைத்தார்.

"நான் பேசறது யாருக்குமே கேக்கறதில்லைய்யா," என்று உறுமினார் தாசில்தார்.

"மணி அடிச்ச மாதிரி கேக்குதுங்களே," என்றார் முதலாளி.

தாசில்தார் போனை வைத்துவிட்டு முறைத்தார்.

"அஞ்சு கேமராப் படமும் ஓயாம உங்க செல்லுக்குப் போயிட்டே இருந்துச்சுங்க," என்றாள் பூங்கோதை. "இன்டர்நெட்டுல வெளிய போற வழியை அதுகளே அடைச்சுக்கிட்டா உங்க பேச்சு எப்படிப் போகும்?"

தெய்வானை நிமிர்ந்தார். "வாசல்ல ரெண்டு, கொல்லையில ரெண்டு. அஞ்சாவது எங்கே?"

பூங்கோதை பையைத் தோளில் மாட்டினாள். "ஐயாவே சொல்லட்டும்மா. இப்ப அவர் பேசறது நல்லாக் கேக்கும்."