குன்றன் போடாத பதில்

அல்லிக் குளத்தில் கெண்டைச்சி என்றொரு நீர்நாய் இருந்தாள். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். ஆனால் வேலையில் கெட்டி.

விலங்குகளெல்லாம் கைப்பேசி வைத்திருந்த காலம் அது. கோடையில் காட்டுத்தீ வரும் என்பதால் மூன்று பேர் சேர்ந்து 'தீக்காவல்' என்று கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். கெண்டைச்சி ஒருத்தி. மலைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த காட்டெருமைத் தலைவன் குன்றன் இன்னொருவன். உச்சி மரத்தில் இருந்த மலையணில் சிலும்பன் மூன்றாமவன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

ஏற்பாடு எளிது. புகை தெரிந்தால் சிலும்பன் சொல்ல வேண்டும். குளத்துக்கு வடக்கே இருந்த காய்ந்த புல்லைக் குன்றனின் கூட்டம் மிதித்து வெறும் மண்ணாக்க வேண்டும். கெண்டைச்சி தெற்கு மடையைத் திறந்து நாணல் காட்டை நனைக்க வேண்டும். வடக்கிலும் ஒரு மடை உண்டு. ஆனால் குளத்தில் இருந்த தண்ணீர் ஒரு பக்கத்துக்குத்தான் காணும்.

ஒருநாள் உச்சி வெயிலில் சிலும்பனின் செய்தி வந்தது. "மேற்குச் சரிவில் தீ! காத்து நம்ம பக்கம் அடிக்குது!"

கெண்டைச்சி உடனே எழுதினாள். "குன்றண்ணே, வடக்கே கிளம்பிட்டீங்களா?"

குன்றன் படித்துவிட்டான். கைப்பேசி அதைக் காட்டியது. பதில் இல்லை.

"அண்ணே! கிளம்பியாச்சா இல்லையா?"

அதையும் படித்தான். பதில் இல்லை.

கெண்டைச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீர்நாய்கள் ஒன்றை ஒன்று கூப்பிட்டால் அந்த நொடியே எதிர்ச்சீட்டி வரும். வராவிட்டால் அங்கே ஆள் இல்லை, அல்லது இருந்தும் வர மனமில்லை என்றுதான் பொருள்.

"படிச்சுட்டுப் பேசாம இருக்கான் பாரு! நம்மை ஏமாத்திட்டான்!" என்று பல்லைக் கடித்தாள். கைப்பேசியை வாயருகே வைத்துக் குழுவில் குரல் செய்தியாகக் கத்தினாள். "ஏ குன்றா! நீ மட்டுமில்ல, உங்க இனமே இப்படித்தான்! தின்னு கொழுத்து அசைபோடத்தான் லாயக்கு! ஆபத்துன்னா ஓடிப்போற கூட்டம்! இனி உன்னை நம்பிப் பிரயோஜனம் இல்ல. வடக்கு மடையை நானே திறக்கிறேன்!"

சிலும்பன் அதற்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டான்.

அவனும் ஒப்புக்கொண்டான் என்று நினைத்தாள் கெண்டைச்சி. உயர்ந்த கரைக்கு அப்பால் எட்டிக்கூடப் பார்க்காமல் வடக்கு மடைப் பலகையைப் பிடுங்கி எறிந்தாள். தண்ணீர் குபுகுபுவென்று வடக்கே ஓடியது. தெற்கே நாணல் காய்ந்தபடியே நின்றது.

தீ வந்தது. நாணல் படபடவென்று பற்றியது. கெண்டைச்சி தன் நான்கு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக் குளத்தின் நடுவே மிஞ்சியிருந்த தண்ணீருக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து, நாணலுக்குள் மூன்று கோடையாகத் தோண்டி வேய்ந்த தன் வளை கரியாவதைப் பார்த்தாள்.

"குன்றா, உன்னை நேரில் பார்த்துக் கேட்காமல் விடமாட்டேன்!"

புகை அடங்கியதும் வடக்குக் கரையேறி ஓடினாள். சிலும்பனும் கிளைகளில் தாவிப் பின்னால் வந்தான். போனவள் அங்கே திகைத்து நின்றாள்.

வடக்கே புல்லே இல்லை! அகலமாக, ஒரு துரும்பில்லாமல், மண் மிதிபட்டுக் கிடந்தது. தீ அதன் விளிம்பிலேயே செத்திருந்தது. ஆனால் மிதித்துப் புழுதியாக்கிய அந்த மண்ணில் அவள் விட்ட தண்ணீர் பாய்ந்து எல்லாம் சேறாகிவிட்டது. ஒரு எருமைக் கன்று கழுத்துவரை புதைந்து அலறிக்கொண்டிருந்தது. குன்றன் கொம்பால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"தண்ணியைத் திறந்துவிட்ட புண்ணியவதி நீதானா?" என்று உறுமினான்.

"நீ ஏன் பதில் போடலை?"

"வேலை முடியறதுக்கு முந்தி வாய் திறக்கிறது எங்க கூட்டத்துல கேவலம்! முடிச்சுட்டுத்தான் சொல்லுவோம்! நீ கேட்டப்பவே பாதி மிதிச்சாச்சு!"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஓடிப்போற கூட்டம்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

கெண்டைச்சி சட்டென்று சிலும்பன் பக்கம் திரும்பினாள். "நீ மேலேர்ந்து எல்லாத்தையும் பார்த்தியே! எருமைங்க மிதிக்கிறது தெரிஞ்சும் என் பேச்சுக்குக் கட்டைவிரல் போட்டியே, பாவி!"

"உன் பேச்சைக் கேட்டேன்னு சொல்லத்தானே போட்டேன்! சரின்னா சொன்னேன்?" என்றான் சிலும்பன். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறப்ப நடுவுல எதுக்குன்னு இருந்துட்டேன்."

"நல்லா இருந்தே!" என்று இருவரும் ஒரே குரலில் சீறினார்கள்.

கன்று மறுபடி அலறியது. கெண்டைச்சி சேற்றில் பாய்ந்தாள். கன்றின் கால்களைச் சுற்றித் தோண்டித் தோண்டி வழி செய்தாள். குன்றன் கழுத்தைக் கொடுத்துத் தூக்கினான். பொழுது சாயும் நேரத்தில் கன்று வெளியே வந்து நடுங்கி நின்றது.

"அவசரப்பட்டுப் பேசிட்டேன் அண்ணே. அந்தப் பேச்சை அழிச்சிடறேன்" என்றாள் கெண்டைச்சி.

"அழி. ஆனா தண்ணி பாஞ்சப்புறம் என்னன்னு பார்க்க அதைப் போட்டேன், எங்க கூட்டத்துப் பொம்பளைங்க எல்லாம் கேட்டாச்சு. இந்தக் கன்னுக்குட்டியோட அம்மாவும் கேட்டா. அவ காதுலேர்ந்து எப்படி அழிப்பே?"

"என் வீடும்தான் போச்சு!"

"போனதுக்கு நானும் ஒரு காரணம். ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்" என்றான் குன்றன். முகம் இளகவில்லை. "இனி கிளம்பும்போது சொல்றேன். முடிஞ்சதும் சொல்றேன். ஆனா உன்னை இன்னும் மன்னிக்கலை."

"நானும்தான் மன்னிக்கலை! ஆனா சந்தேகம் வந்தா, திட்டறதுக்கு முந்தி கூப்பிட்டுக் கேட்பேன்."

"நான் கண்ணால பார்த்ததை வாயால சொல்றேன்" என்றான் சிலும்பன்.

அடுத்த கோடையில், புல்லும் நாணலும் மறுபடி வளர்ந்து காய்ந்திருந்தபோது, தீ மூண்டது. சிலும்பன் இடத்தைச் சொன்னான். "கிளம்பிட்டேன்" என்று குன்றனிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது. கெண்டைச்சிக்கு அவன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கை தயங்கவில்லை. நேராகப் போய்த் தெற்கு மடையைத் திறந்தாள். "எருமைங்க வந்துட்டாங்க, மிதிக்கிறாங்க" என்று சிலும்பன் எழுதினான். அன்று குளத்தைச் சுற்றி ஒரு நாணல்கூடக் கருகவில்லை.

முகம் பாராமல் சேர்ந்து உழைப்பவர்கள் அடுத்தவரின் மௌனத்துக்குத் தாங்களாக அர்த்தம் கற்பிக்காமல் கேட்டுத் தெளிய வேண்டும். கேட்டவருக்கு ஒரு சொல்லாவது பதில் சொல்ல வேண்டும்.